பாட்டிமார் பெயரைத் தேடும் பெற்றோருக்கு: பிரான்சின் இரண்டு இலவசப் பொதுச் சேவைகள், ஒரு மதிப்புரை

பிரான்சில் பிறக்கவிருக்கும் பெண் குழந்தைக்குக் குடும்பத்தின் வேர்களைத் தாங்கிய ஒரு பிரெஞ்சுப் பெயரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல் தளங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அழகான பெயர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அவற்றுள் எது உங்கள் குடும்பத்துக்கு உரியது என்பதை மட்டும் எந்தப் பட்டியலும் சொல்லாது. அந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய இரண்டு பொதுச் சேவைகள் பிரான்சில் இருக்கின்றன; இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஒன்று, தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே வெளியிடும் முதற்பெயர்க் கோப்பு. மற்றொன்று, மாவட்ட ஆவணக் காப்பகங்கள் தம் இணையத்தளங்களில் திறந்து வைத்திருக்கும் பழைய பதிவேடுகள். என் கணவரின் தாய்வழிக் குடும்பம் மேற்குப் பிரான்சின் அஞ்சூ பகுதியைச் சேர்ந்தது. தந்தைவழியினர் பிரெத்தாஞின் மேற்கு முனையிலுள்ள ஃபினிஸ்தேர் மாவட்டத்தினர். எங்கள் மகளுக்குப் பெயர் தேடிய காலத்தில் இரண்டு சேவைகளையும் நிறையவே பயன்படுத்தினோம். இன்சே கோப்பு சரிபார்ப்பதற்கு மிகச் சிறந்தது, தேடுவதற்குப் போதாது. தேட வேண்டிய இடம் காப்பகம் என்பதே என் தீர்ப்பு.

முதலில் இன்சே கோப்பைப் பார்ப்போம். 1900ஆம் ஆண்டு முதல் பிரான்சில் பிறந்தவர்களுக்கு இடப்பட்ட பெயர்களை, ஆண்டுவாரியாகவும் மாவட்டவாரியாகவும், ஆண், பெண் என்று பிரித்து அது தருகிறது. முழுக் கோப்பையும் தரவிறக்கிக்கொள்ளலாம். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் தளத்திலுள்ள தேடு பெட்டியில் ஒரு பெயரைத் தட்டினால் அதன் நூற்றாண்டு வரைபடம் கண்முன் வந்துவிடும். அந்த வரைகோட்டைப் படிக்கப் பழகிவிட்டால், ஒரு பெயரைக் கேட்டதும் அதைத் தாங்கியவரின் வயதை ஏறத்தாழ ஊகிக்கலாம். மார்த்தீன் என்றால் 1950களில் பிறந்தவர், நத்தாலி என்றால் 1960களின் பிற்பகுதி, ஸ்தெஃபனி என்றால் 1970கள், எலொதி என்றால் 1980களின் இறுதி. பிரான்சில் பெயர்கள் தலைமுறையின் முத்திரையைச் சுமந்துகொண்டே திரிகின்றன. உங்கள் மாமியாரின் பெயரைக் குழந்தைக்கு முதற்பெயராக வைக்கலாமா என்ற கேள்வி எழும்போது இந்த வரைபடம் உண்மையிலேயே உதவுகிறது. பாட்டி தலைமுறையின் பெயர்கள் இன்னும் முதியவர்களின் பெயர்களாகவே ஒலிக்கின்றன. கொள்ளுப்பாட்டி தலைமுறையின் பெயர்கள் மீண்டும் குழந்தைகளின் பெயர்களாகிவிட்டன. லுயீஸ் இதற்குத் தெளிவான சான்று. 1900இல் பெண் பெயர்களின் முதல் வரிசையில் இருந்தது. 1960களிலும் 1970களிலும் ஏறக்குறைய மறைந்தே போனது. 2023இல் பிரான்சில் பெண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக இடப்பட்ட பெயர் அதுதான். ழன், ரோஸ் ஆகிய பெயர்களும் இதே பாதையில் திரும்பி வந்திருக்கின்றன. மோனிக், பிரிழித் ஆகியவற்றுக்கு அந்த நேரம் இன்னும் வரவில்லை.

இந்தக் கோப்பின் குறைகளையும் அறிந்துகொண்டே இதை நம்ப வேண்டும். 1946க்கு முந்திய எண்கள் முழுமையானவை அல்ல. கோப்புக்கு அடிப்படையான தேசிய அடையாளப் பதிவேடு அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்பே இறந்துபோனவர்கள் பெரும்பாலும் அதில் இல்லை. மிக அரிதாக இடப்பட்ட பெயர்கள் தனித்தனியாகக் காட்டப்படாமல் ‘அரிய பெயர்கள்’ என்ற ஒரே வரியில் சேர்க்கப்படுகின்றன. உங்கள் குடும்பத்தில் வழங்கிய ஒரு முதற்பெயர் அங்கே இல்லை என்றால் அது யாருக்குமே இடப்படவில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. இவை சிறிய குறைகள். மரபைத் தேடுபவர்களுக்குப் பெரிய குறை வேறொன்று இருக்கிறது. கோப்பு ஒவ்வொருவரின் முதலாம் பெயரை மட்டுமே எண்ணுகிறது. பிரெஞ்சுக் குடும்பங்களோ தம் மரபை இரண்டாம், மூன்றாம் பெயர்களில்தான் பாதுகாத்து வந்திருக்கின்றன. முதற்பெயர் பெற்றோரின் விருப்பம், இரண்டாவது ஒரு பாட்டியின் பெயர், மூன்றாவது மற்றொரு பாட்டியின் அல்லது ஞானத்தாயின் பெயர் என்பது இன்றும் பரவலாக இருக்கும் வழக்கம். அந்தப் பெயர்கள் பிறப்புப் பதிவில் இருக்கும், கோப்பில் இருக்காது.

மரி என்ற பெயரை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். 1900ஆம் ஆண்டில் மட்டும் 48,000க்கும் மேற்பட்ட பெண் குழந்தைகளின் முதலாம் பெயராக மரி பதிவாகியிருப்பதைக் கோப்பு காட்டுகிறது. அவர்களில் மிகப் பலரை வீட்டில் யாரும் மரி என்று அழைத்ததே இல்லை. பக்தியின் பொருட்டு மரி என்று தொடங்கி, அடுத்து வரும் பெயராலேயே வாழ்நாள் முழுவதும் அழைப்பது கத்தோலிக்கக் குடும்பங்களில் சாதாரணம். என் கணவரின் பாட்டியை ஊர் முழுதும் இவொன் என்றே அறிந்திருந்தது. பதிவில் அவர் மரி இவொன். வீட்டில் வழங்கும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். அதனால் எந்தத் தளத்தையும் திறக்கும் முன் வீட்டிலுள்ள பழைய குடும்பக் கையேடுகளை, அதாவது திருமணத்தின்போதோ முதல் குழந்தை பிறந்தபோதோ நகராட்சி வழங்கும் அந்தச் சிறு புத்தகத்தை, பெரியவர்களிடம் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். அதில் ஒவ்வொருவரின் எல்லாப் பெயர்களும் வரிசை மாறாமல் இருக்கும்.

இனி காப்பகங்கள். பிரான்சில் திருமுழுக்குப் பதிவேடு வைக்கும் கடமையை 1539ஆம் ஆண்டின் வில்லேர்-கொத்ரே அரசாணை பங்குக் குருக்களுக்கு விதித்தது. 1792 செப்டம்பரிலிருந்து அந்தப் பணி திருச்சபையிடமிருந்து நகராட்சிகளுக்கு மாறியது. இந்தப் பதிவேடுகளின் பக்கங்களை மாவட்டக் காப்பகங்கள் படமெடுத்துத் தம் தளங்களில் வைத்திருக்கின்றன. பிறப்புப் பதிவுகள் 75 ஆண்டுகளுக்குப் பிறகு எல்லோருக்கும் திறக்கப்படுகின்றன. அதற்குப் பிந்தியவை வேண்டுமானால், நேரடி வாரிசு என்ற முறையில் உரிய நகராட்சியிடம் முழுநகல் கேட்டுப் பெறலாம். அதற்கும் கட்டணம் இல்லை. ஊரின் பெயரும் ஏறத்தாழ ஓர் ஆண்டும் தெரிந்தால் போதும், பத்தாண்டு அட்டவணைகளில் குடும்பப்பெயரைத் தேடிப் பதிவின் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். மாவட்டத்துக்கு மாவட்டம் தளத்தின் அமைப்பும் வேகமும் மாறுபடுகின்றன. ஒரு தளத்தில் பழகியவர் அடுத்ததில் மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. இந்தச் சேவையின் மீது எனக்குள்ள முதன்மையான புகார் இதுதான். தேடல் வசதி ஒரே வடிவில் அமைக்கப்பட்டிருந்தால் புதியவர்களுக்கு எவ்வளவோ நேரம் மிச்சமாகும்.

ஆனால் ஒரு பக்கம் திறந்துவிட்டால் அந்தச் சிரமமெல்லாம் மறந்துபோகும். அஞ்சூ பகுதி இன்று அடங்கியிருக்கும் மேன்-எ-லுவார் மாவட்டத்தின் 18ஆம் நூற்றாண்டுப் பங்குப் பதிவேடுகளில் ஒரு திருமுழுக்குப் பதிவு ஐந்தாறு வரிகளுக்கு மேல் போவதில்லை. நாள், குழந்தையின் பெயர், தந்தையின் பெயரும் தொழிலும், தாயின் பெயர், ஞானத்தந்தை, ஞானத்தாய், அவர்கள் குழந்தைக்கு என்ன உறவு என்பது, கடைசியில் கையெழுத்து. கையெழுத்திடத் தெரியாதவர்கள் இருந்தால் ‘தமக்குக் கையெழுத்திடத் தெரியாது என்றனர்’ என்று குருவே எழுதிவிடுவார். என் கணவரின் முன்னோர் பதிவுகளில் அந்த வாக்கியம் அடுத்தடுத்து வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர்கள் தம் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற ஒரே எழுத்துச் சொத்து இந்தப் பெயர்கள்தாம் என்று நினைத்தபோது, எங்கள் தேடலின் மீதிருந்த மதிப்பே எனக்கு உயர்ந்துவிட்டது.

அந்தப் பதிவில் கவனமாகப் படிக்க வேண்டிய வரி ஞானத்தாயின் வரி. பெண் குழந்தைக்குப் பெரும்பாலும் ஞானத்தாயின் பெயரே இடப்பட்டது. ஞானத்தாய் பெரும்பாலும் ஒரு பாட்டியாகவோ அத்தையாகவோ சித்தியாகவோ இருந்தார். ஆகவே ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு ஞானத்தாய் வழியாகப் பின்னோக்கிப் போனால், தலைமுறைகளைத் தாண்டி அந்தப் பெயர் எப்படிக் கைமாறி வந்தது என்பது புலப்படும். எங்களுக்கு அப்படிக் கிடைத்தது பெரின். பியேர் என்ற ஆண் பெயரிலிருந்து வந்த பெண் பெயர் அது. மேற்குப் பிரான்சின் பழைய பதிவேடுகளில் ரெனே, மாத்யூரின், ழுலியேன், கியேமெத் ஆகியவற்றோடு அது அடிக்கடி தென்படுகிறது. அத்தையிடமிருந்து மருமகளுக்கும், பாட்டியிடமிருந்து பேத்திக்கும் அது போயிருப்பதை ஒவ்வொரு பதிவாகக் கண்டோம். ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இறந்துபோன குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்த குழந்தைக்கு வைப்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. உயிருடன் இருக்கும் இரு சகோதரிகளுக்கு ஒரே பெயர் இருந்ததும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒருவரே என்று முடிவு கட்டிவிடாமல், இறப்புப் பதிவையும் திருமணப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பெண் பெயர் ஒன்றும் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் பதிவேட்டை மூடிவிட வேண்டியதில்லை. தாத்தாக்களின் பெயர்களைப் பெண் வடிவில் எடுப்பதும் பிரெஞ்சு மரபுக்குள்ளேயே இருக்கும் வழிதான். ஓநோரே என்ற முன்னோர் இருந்தால் ஓநோரின், ஒகுஸ்தேன் இருந்தால் ஒகுஸ்தீன், லெயோன் இருந்தால் லெயொனி, விக்தோர் இருந்தால் விக்தொரின், கிளெமான் இருந்தால் கிளெமான்ஸ் அல்லது கிளெமான்தீன். வட்டாரப் புனிதர்களின் பெயர்களும் அப்படியே. அல்சாசுக்கு ஒதில், பெரி பகுதிக்கு சொலான்ழ், புவத்தியேவுக்கு ரதகோந்த், பாரிசுக்கு ழெனவியேவ் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு காவல் பெயர் உண்டு. குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பது மட்டும் தெரிந்து, ஆட்களின் பெயர் எதுவும் கிடைக்காதவர்களுக்கு இந்த வழியை நான் மனமார முன்மொழிவேன்.

ஃபினிஸ்தேர் பக்கத்துத் தேடல் வேறு மாதிரி இருந்தது. அங்கே முன்னோர்கள் பிரெத்தோன் மொழியில் வாழ்ந்தார்கள். பதிவோ பிரெஞ்சில் எழுதப்பட்டது. வீட்டில் கத்தெல் என்று அழைக்கப்பட்டவர் பதிவேட்டில் கத்தரின். சுவாசிக் பதிவேட்டில் ஃபிரான்சுவாஸ். 1803இன் சட்டம், நாட்காட்டிகளில் வழங்கும் பெயர்களையும் பண்டைய வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களையும் மட்டுமே அனுமதித்தது. வட்டாரப் பெயர்களுக்கு 1966ஆம் ஆண்டின் அமைச்சக வழிகாட்டுதல்தான் கதவை ஓரளவு திறந்தது. பெற்றோருக்கு முழுச் சுதந்திரம் கிடைத்தது 1993 ஜனவரி 8ஆம் நாள் சட்டத்தில். ஆகவே பழைய பதிவேட்டில் நொல்வென், ரோசென் போன்ற பெயர்களைத் தேடி ஏமாற வேண்டாம். அங்கே கத்தரின் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுப் பெரியவர்களிடம் ‘இவரை எப்படிக் கூப்பிடுவார்கள்?’ என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலைக் காப்பகம் தராது. என் மாமனாரின் அக்கா தொண்ணூறை நெருங்கிய வயதில் தொலைபேசியில் எங்களுக்குச் சொன்ன கூப்பிடு பெயர்கள் எந்த ஆவணத்திலும் இல்லை. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதி வைத்துக்கொண்டோம்.

அல்சாஸ், மொசெல் பகுதிகளின் நிலையும் இதைப் போன்றதே. 1871 முதல் 1918 வரை அவை ஜெர்மன் ஆட்சியில் இருந்ததால் அக்காலப் பதிவுகள் ஜெர்மன் மொழியில் உள்ளன. மத்லேன் அங்கே மக்தலேனா, மார்கரீத் அங்கே மார்கரேத்தா. பழைய ஜெர்மன் கையெழுத்து பழகாத கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. பாரிசுக் குடும்பத்தினர் வேறொரு இழப்பைச் சந்திக்க வேண்டும். 1860க்கு முந்திய பாரிஸ் பதிவேடுகளின் இரு பிரதிகளும் 1871 மே மாதத் தீயில் எரிந்துபோயின. பின்னர் மீட்டு எழுதப்பட்டது ஒரு பகுதி மட்டுமே. புதுச்சேரி, காரைக்கால் வழிவந்த பிரெஞ்சுக் குடும்பங்களுக்கு மாவட்டக் காப்பகம் எதுவும் பயன்படாது. அவர்கள் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்சிலுள்ள தேசியக் கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் தளத்தையும், அண்மைக் காலப் பதிவுகளுக்கு நான்த்திலுள்ள மையக் குடிமைப் பதிவுச் சேவையையும் நாட வேண்டும்.

தனியார் குடும்ப மரத் தளங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த ஊரில் தேடுவது என்றே தெரியாத நிலையில் குடும்பப்பெயரைக் கொடுத்துத் தொடங்க அவை உதவும். ஆனால் அங்குள்ள மரங்கள் பயனர்களே ஏற்றியவை. ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் அப்படியே எடுத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கும். பதிவின் படம் இணைக்கப்படாத எந்தப் பெயரையும் உங்கள் மகளின் பெயராக்க அவசரப்படாதீர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பெயர் பரிந்துரைக்கும் சேவைகள் இந்தத் தேவைக்கு வேண்டியதே இல்லை.

காப்பகத்தில் பெயரைக் கண்டெடுத்த பிறகு மீண்டும் இன்சே கோப்புக்கு வருவதுதான் சரியான வரிசை. பெரின் என்று தட்டிப் பார்த்தோம். அஞ்சூ பதிவேடுகளில் அவ்வளவு மிகுந்திருந்த அந்தப் பெயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிதாகி, அதன் கடைசிப் பகுதியில் மீண்டும் எழுந்து, இப்போது அடங்கிய நிலையில் இருக்கிறது. வகுப்பில் இன்னும் மூவருக்கு அதே பெயர் இருக்காது. கேட்பவர்களுக்குப் புரியாத பெயராகவும் இருக்காது. எங்களுக்கு வேண்டியிருந்த உறுதி இதுதான், அதைக் கோப்பு ஒரே பார்வையில் தந்தது. மாத்யூரின் மீதும் எனக்கு ஆசை இருந்தது. மரபின் கணக்கில் அதற்கும் இணையான உரிமை உண்டு. ஆனால் வாழப்போகிறவள் மகள் என்பதால் அதை முதலிடத்தில் வைக்கத் துணியவில்லை.

பதிவு செய்யும் கட்டத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். பிறந்த நாளைக் கணக்கில் கொள்ளாமல் ஐந்து நாட்களுக்குள் நகராட்சியில் பிறப்பை அறிவிக்க வேண்டும். பெயர்த் தேடலை மகப்பேற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ள நேரமே இருக்காது. பதிவாளர் எந்தப் பெயரையும் தாமாக மறுக்க முடியாது. குழந்தையின் நலனுக்கு எதிரானது என்று அவர் கருதினால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிப்பார், முடிவு குடும்ப நீதிபதியுடையது. பழைய பெயர் என்பதற்காக யாரும் தடுக்கமாட்டார்கள். வட்டார மொழிப் பெயர்களின் எழுத்துக்குறிகளில்தான் சிக்கல் வருகிறது. 2014 ஜூலைச் சுற்றறிக்கை அனுமதித்த குறிகளின் பட்டியலில் பிரெஞ்சு மொழிக்குரியவை மட்டுமே உள்ளன. பிரெத்தோன், பாஸ்க் பெயர்களில் வரும் டில்டே என்ற வளைகோடு அதில் இல்லை. கிம்பேரில் பிறந்த ஓர் ஆண் குழந்தையின் பெயரிலிருந்த அந்தக் கோட்டை 2018 நவம்பரில் ரென் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் இத்தகைய குறிகளைப் பொதுவாக அனுமதிக்க முயன்ற சட்டப்பிரிவை 2021 மே மாதம் அரசியலமைப்புக் குழு நீக்கிவிட்டது. நீங்கள் தேர்ந்த பெயரில் அத்தகைய குறி இருந்தால் நகராட்சியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மரபை முழுவதும் ஒரே பெயரில் ஏற்றிவிட வேண்டும் என்ற அவசியமும் இல்லை. பிறப்புப் பதிவிலுள்ள எந்தப் பெயரையும் அன்றாடப் பெயராகப் பயன்படுத்தும் உரிமையைக் குடிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தருகிறது. எங்கள் மகளுக்கு அஞ்சூவின் பெரின் முதலிடத்தில், பிரெத்தாஞ் பக்கத்துக் கத்தெல் இரண்டாமிடத்தில், என் அம்மாவைப் பெற்ற பாட்டியின் தமிழ்ப் பெயர் மூன்றாமிடத்தில் என்று முடிவு செய்தோம். வளர்ந்த பின் அவள் தனக்கு நெருக்கமான எதை வேண்டுமானாலும் முன்னால் நிறுத்திக்கொள்ளலாம்.

பதிவாளர் அச்சிட்ட படிவத்தைக் கையெழுத்திடும் முன் நீட்டும்போது காற்புள்ளிகளைப் பாருங்கள். பிரெஞ்சுப் பதிவில் தனித்தனிப் பெயர்களைக் காற்புள்ளி பிரிக்கிறது. இணைகோடு வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே முதற்பெயராகிவிடும். மரி, இவொன் என்பது இரண்டு பெயர்கள். மரி-இவொன் என்பது ஒன்று. பிற்பாடு திருத்தம் கோரி எழுதிக்கொண்டிருப்பதைவிட அந்த மேசையின் முன்னாலேயே ஒவ்வொரு எழுத்தையும், மேற்குறியையும், காற்புள்ளியையும் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.